மிக்-21க்கு எதை வாங்கலாம், எதை விடலாம்

பிளாஸ்டிக் மாடல் கிட் கைக்கு வந்த அன்றே, பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே, ஒரு கேள்வி வந்துவிடும்: "இதுக்குக் கூட என்னென்ன வாங்கணும்?" நம் ஆட்களில் பாதிப் பேர் ஏதாவது ஒரு வெளிநாட்டுக் கடையின் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான் இதைக் கேட்பார்கள். ரெசின் காக்பிட், ரெசின் சக்கரம், ரெசின் நாசில், பித்தளைக் குழாய், போட்டோ எட்ச் தகடு, உலோக லேண்டிங் கியர், மாஸ்க், டீகால் என்று ஒரே விமானத்துக்கு வரிசையாக நிற்கும். எல்லாவற்றையும் கூடையில் போட்டால் கிட்டின் விலையை எளிதாகத் தாண்டிவிடும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். அதன் மேல் தபால் செலவு, அதற்கும் மேல் சுங்கத் தீர்வை.

நான் இந்தக் கூடுதல் பாகங்களுக்கு எதிரி இல்லை. என் அலமாரியில் இருக்கும் எந்த ஜெட்டும் பெட்டியில் வந்தபடியே நிற்கவில்லை. ஆனால் வாங்குவதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். நிஜ விமானத்தில் அந்தப் பொருள் என்னவாக இருக்கிறது என்று முதலில் பார்ப்பேன். அங்கே மெல்லிய தகடு என்றால் இங்கேயும் தகடு. அங்கே குழாய் என்றால் கடைசலில் கடைந்த பித்தளை. அங்கே மடிப்பும் புடைப்புமாகத் திரண்டிருந்தால் ரெசின். இதை மாற்றிப் போட்டால் எவ்வளவு விலை கொடுத்தாலும் பொம்மைத்தனம் போகாது. அடுத்தது, கட்டி முடித்த பிறகு அது கண்ணுக்குத் தெரியுமா? தெரியாததற்குக் காசு கிடையாது.

எடுவார்டின் 1/48 மிக்-21 கிட்டை வைத்தே பேசுவோம். எடுவார்ட் செக் நாட்டு நிறுவனம். 1989-இல் போட்டோ எட்ச் தகடுகளோடு தொடங்கி, பிறகு முழுக் கிட்டுக்கு வந்தவர்கள். ஆகவே கிட்டையும் அவர்களே விற்பார்கள், அதற்கு மேலே மாட்டும் நகைநட்டையும் அவர்களே விற்பார்கள். அவர்களுடைய 1/48 மிக்-21 வரிசை 2011-இல் வெளிவரத் தொடங்கியது. இன்றும் இந்த அளவில் இதைத்தான் முதலில் சொல்வேன்.

ஏன் மிக்-21 என்று கேட்கவே வேண்டாம். 1963-இல் சண்டிகரில் நம் விமானப்படைக்குள் வந்த விமானம், 2025 செப்டம்பர் 26-ஆம் தேதி அதே சண்டிகரில் விடைபெற்றது. அந்தச் செய்தி வந்த வாரம், வருடக்கணக்காகப் பரணில் கிடந்த பெட்டியைத் தூசி தட்டி இறக்கியவர்களை எனக்கே தெரியும். அவர்களில் பலர் கையில் எடுத்திருப்பது 'பிஸ்' வகை, நம் விமானப்படையின் கணக்கில் டைப் 75. இங்கே சொல்வதெல்லாம் அதை மனதில் வைத்துத்தான்.

கூடுதல் பாகம் என்று ஒரு தொழிலே ஏன் உண்டானது? கிட் செய்கிறவர்களுக்குத் திறமை போதாது என்பதால் இல்லை. எஃகு அச்சின் இரண்டு பாதிகளுக்கு நடுவே உருகிய பிளாஸ்டிக்கை அழுத்திச் செலுத்துகிறார்கள். ஆறியதும் அச்சு நேராகத் திறக்க வேண்டும், பாகம் எங்கும் மாட்டாமல் வெளியே விழ வேண்டும். அதனால் உள்பக்கம் குடைந்த வடிவம் வராது, பக்கச்சுவர் எல்லாம் லேசாகச் சாய்வாக இருந்தாக வேண்டும், ஓர் அளவுக்குக் கீழே மெல்லியதாகவும் போக முடியாது. இப்போது 48-ஆல் பெருக்கிப் பாருங்கள். அரை மில்லிமீட்டர் தடிமனில் அச்சான ஒரு சின்ன மூடி, நிஜத்தில் 24 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் கதவு என்றால் 48 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட வங்கி லாக்கர் கதவு. மொத்த விமானமே இறக்கை நுனியிலிருந்து நுனி வரை 7.15 மீட்டர்தான். மேஜையில் 15 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இவ்வளவு சின்ன உடம்பில் தடிமன் உடனே கண்ணில் குத்தும்.

முதலில் வாங்க வேண்டியது காக்பிட் இல்லை. மூக்கில் நீட்டிக்கொண்டிருக்கும் பிட்டோ குழாய்.

மிக்-21-ஐ தூரத்திலிருந்து பார்த்ததும் அடையாளம் தெரிவதற்கு அந்த நீண்ட கம்பியும் ஒரு காரணம். காற்றின் அழுத்தத்தை வைத்து வேகத்தை அளக்கிற கருவி அது. எந்த வகை என்பதையும் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். ஆரம்பகால எஃப்-13 வகையில் மூக்கின் அடியில் இருக்கும், பிறகு வந்தவற்றில் மேலே ஏறியது, பிஸ்ஸில் மேல் உதட்டில் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி நிற்கும். கிட்டில் வருகிற பிளாஸ்டிக் குழாயின் நீளம் முழுக்க அச்சுக் கோடு ஓடும். அதைச் சுரண்டி எடுத்தால் உருண்டை வடிவம் போய்விடும். உருண்டை வடிவம் இருந்தால் கோடு இருக்கும். இரண்டையும் ஒருவழியாகச் சரிசெய்து வைத்தாலும், சட்டைக் கை பட்டால் முடிந்தது கதை.

போலந்தின் மாஸ்டர் நிறுவனம் இதைப் பித்தளையில் கடைந்து தருகிறது. தீப்பெட்டி அளவு பொட்டலத்துக்குள் ஊசி மாதிரி ஒரு குழாய், படிப்படியாக நுனி மெலிந்து போகும். கூடவே பக்கவாட்டில் ஒட்ட வேண்டிய துளியூண்டு சிறகுத் தகடுகள். தகட்டை ஒட்டுவதுதான் வேலை. குழாயை ஒரு துணி கிளிப்பில் நேராக மாட்டி நிறுத்திக்கொள்ளுங்கள். சூப்பர் க்ளூவை, நம்மூரில் ஃபெவிக்விக் என்றால்தான் கடைக்காரருக்குப் புரியும், ஒரு பழைய ஓட்டின் மேல் ஒரு சொட்டு விட்டு, குண்டூசி நுனியால் அதில் தொட்டு எடுங்கள். ட்யூபிலிருந்து நேராக வைத்தால் தகடு பசைக்குள் முங்கிவிடும். தகட்டைச் சாமணத்தால் பிடிப்பதைவிட, ஈரமான பல்குத்தி நுனியில் ஒட்டித் தூக்குவது நல்லது. சாமணம் அழுத்தினால் தெறிக்கும், தெறித்த தகட்டைத் தரையில் தேடுவது இந்தப் பொழுதுபோக்கின் பாரம்பரியச் சடங்கு.

கிட்டின் மூக்கில் துளையை முதலிலேயே போட்டுவிட்டு, குழாயை மட்டும் கடைசியில், வார்னிஷ் எல்லாம் காய்ந்த பிறகு பொருத்துங்கள். விலை குறைவு, வேலை குறைவு, பலன் அதிகம். ஒரே ஒரு பாகம்தான் வாங்க முடியும் என்றால் இதுதான்.

அடுத்தது காக்பிட். இங்கேதான் பணம் தண்ணீராகப் போகும்.

முழு ரெசின் காக்பிட் என்றால் தொட்டி, பக்கச்சுவர்கள், முன்பலகை, இருக்கை எல்லாம் சேர்ந்து வரும். படத்தில் பார்த்தால் மயக்கும். ஆனால் விமானத்தின் உடம்பு இரண்டு பாதியாகப் பிளாஸ்டிக்கில் இருக்கிறது, அந்தப் பிளாஸ்டிக்குக்குத் தடிமன் இருக்கிறது. ரெசின் பக்கச்சுவர் அதற்குள் உட்கார வேண்டுமென்றால் ஒன்று அதைத் தேய்க்க வேண்டும், இல்லை இதைத் தேய்க்க வேண்டும். விளக்குக்கு நேராகப் பிடித்தால் வெளிச்சம் ஊடுருவிச் சிவந்து தெரியும் அளவுக்குப் பிளாஸ்டிக்கை மெலிய வைக்கச் சொல்லும் செட்டுகள் உண்டு. அதற்கு ஒரு படி மேலே போனால் ஓட்டை. இத்தனைக்கும் பிறகு திறந்த கேனப்பியின் கீழே தெரிவது ஒரு விரல் அகலமுள்ள பள்ளம். அதில் முக்கால்வாசியை இருக்கையே அடைத்துக்கொள்ளும்.

அதனால் என் தீர்ப்பு: இருக்கையை மட்டும் வாங்குங்கள்.

பிஸ்ஸில் இருப்பது கேஎம்-1 வகை எஜெக்‌ஷன் இருக்கை. பெரிய தலைப்பகுதி, பக்கவாட்டுச் சட்டங்கள், இடுப்பிலும் தோளிலும் ஓடும் பட்டைகள், சிவப்புக் கைப்பிடி. பட்டைகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, மெத்தையில் அழுந்தி, ஓரத்தில் தொங்கும். இந்த மடிப்பைத் தகட்டால் கொண்டுவர முடியாது. தகட்டுப் பட்டையை எவ்வளவு வளைத்தாலும் அது தகரமாகத்தான் கிடக்கும். ரெசினிலோ இப்போது வருகிற 3டி பிரிண்டிலோ பட்டை துணியாகவே சரிந்து கிடக்கிறது. மேலிருந்து பார்க்கிறவர் கண் முதலில் போய் விழும் இடமும் இதுதான்.

வார்த்த ரெசின் இருக்கை ஒரு கட்டியோடு சேர்ந்து வரும். சிலிகான் ரப்பர் அச்சில் ரெசினை ஊற்றிய வாய் அது. அதை அறுத்து எடுக்க வேண்டும். மெல்லிய ரம்பத்தால், ஒரே பக்கத்திலிருந்து அறுக்காமல், சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக. கடைசி இழையில் அவசரப்பட்டால் இருக்கையின் அடியில் ஒரு துண்டு பிய்ந்து கட்டியோடு போகும். அறுத்த பிறகு வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, கண்ணாடித் துண்டின் மேல் வைத்துத் தேயுங்கள். ரெசின் தூள் நுரையீரலுக்கு ஆகாது. காய்ந்த நிலையில் தேய்த்துவிட்டு வாயால் ஊதித் தள்ளுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு நிஜமாகவே கோபம் வரும். முகக்கவசம் போடுங்கள், ஈரத்தில் தேயுங்கள்.

தேய்த்து முடித்ததும் பாத்திரம் கழுவும் சோப்பில் ஒரு குளியல். அச்சிலிருந்து சுலபமாக வர அவர்கள் தடவிய எண்ணெய்ப் பசை மேலே இருக்கும், அது போகாவிட்டால் பெயிண்ட் நிற்காது. கிட்டுக்குப் பயன்படுத்தும் பிளாஸ்டிக் சிமென்ட் ரெசினை ஒட்டாது, ஏனென்றால் அது பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டுகிற சாமான். ரெசின் அதில் கரையாது. ஃபெவிக்விக்கோ எபாக்ஸியோதான்.

காக்பிட்டின் மற்ற பகுதிக்குக் கிட்டில் வருவதே போதும் என்பேன். எடுவார்டின் புரோஃபிபேக் பெட்டி என்றால் வண்ணம் அச்சிட்ட தகடு உள்ளேயே வரும். மிக்-21 காக்பிட்டின் நிறம் பச்சையும் நீலமும் கலந்த ஒரு தனி ரகம், இதைச் சரியாகக் கொண்டுவந்தாலே பாதிக் காக்பிட் முடிந்த மாதிரி. தகட்டில் அச்சிட்ட நிறமும் நீங்கள் சுவரில் அடித்த நிறமும் ஒத்துப்போகாது, அதற்குத் தயாராக இருங்கள். சுவரின் நிறத்தைத் தகட்டுக்கு ஏற்ப மாற்றுவதுதான் சுலபம். முன்பலகையின் கீழ்ப்பகுதியில் நடுவே செங்குத்தாக ஒரு வெள்ளைக் கோடு இருக்கும், அதை விட்டுவிடாதீர்கள். விமானம் சுழன்று விழும்போது கட்டுப்பாட்டுக் குச்சியை நேர் நடுவில் வைக்க விமானிக்கு வழிகாட்டும் கோடு அது. இரண்டு நிமிட வேலை. மிக்-21 தெரிந்தவர் எட்டிப் பார்த்தால் தேடுவது அதைத்தான்.

தகடே பிடிக்காதவர்களுக்குக் குவின்டா ஸ்டுடியோ மாதிரியானவர்கள் செய்யும் 3டி டீகால் இருக்கிறது. தண்ணீரில் நனைத்து எடுத்து ஒட்ட வேண்டியதுதான். பொத்தானும் நெம்புகோலும் நிறத்தோடு புடைத்துக்கொண்டு நிற்கும், கருவிகளின் கண்ணாடி கூடப் பளபளக்கும். எடுவார்டும் இப்போது 'ஸ்பேஸ்' என்ற பெயரில் இதே வகையை விற்கிறது. தகட்டில் கருவிப்பலகை அச்சிட்ட காகிதம் போலத்தான் தெரியும், இதில் ஆழம் தெரிகிறது. கருவிப்பலகையைப் பொறுத்தவரை தகட்டின் காலம் முடிந்துவிட்டது என்பது என் எண்ணம்.

அப்படியானால் தகடு எதற்கு? நிஜத்தில் தகடாக இருப்பதற்கு. கேனப்பிச் சட்டத்தின் உள்விளிம்பு, சின்னச் சின்ன அடைப்பு மூடிகள், ஏவுகணையின் துடுப்புகள். 0.1 மில்லிமீட்டர் தகடு 48-ஆல் பெருக்கினால் 5 மில்லிமீட்டருக்கும் கீழே. இங்கே பிளாஸ்டிக் கிட்டவே வர முடியாது.

தகட்டை வாங்குகிறவர்கள் செய்கிற ஒரு வேலையைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஸ்பிட்ஃபயருக்கு இறக்கையின் ஃபிளாப்களைத் தகட்டிலே மடித்துச் செய்கிற செட்டுகள் உண்டு. விலா எலும்பு விலா எலும்பாக ஒட்டி, ராத்திரி முழுக்க உட்கார்ந்து செய்து, இறக்கியபடி வைப்பார்கள். பார்க்க அபாரமாக இருக்கும். ஆனால் தரையில் நிற்கிற ஸ்பிட்ஃபயருக்கு ஃபிளாப் இறங்கியிருப்பது அபூர்வம், தரை தொட்டதும் விமானி முதல் வேலையாக அதை மேலே ஏற்றிவிடுவார். போர்க்காலப் புகைப்படங்களைப் புரட்டினால் வரிசையாக நிற்கும் எல்லாமே ஏறியபடிதான் இருக்கும். செட் கிடைக்கிறது என்பதற்காக விமானத்தின் வழக்கத்தை மாற்றுகிறோம்.

இன்ஜின் புகை வெளியேறும் நாசிலுக்கு வருவோம். பின்னாலிருந்து பார்த்தால் மிக்-21 என்பது ஒரு நீண்ட குகை. கிட்டில் அந்தக் குழாய் துண்டு துண்டாக வருகிறது, ஒட்டிய இடத்தின் கோடு உள்பக்கம் தெரியும், அங்கே பட்டி வைத்துத் தேய்க்க விரல் போகாது. ரெசினில் ஒரே துண்டாக, உள்ளே வரிகளோடு வரும். வாங்கலாம். ஆனால் பசை வைக்கும் முன் பல தடவை வெறுமனே பொருத்திப் பாருங்கள். ரெசின் ஆறும்போது கொஞ்சம் சுருங்கும். அந்தச் சுருக்கம் வட்டமான பாகத்தில் ஒரு முடி அளவு இடைவெளியாக வந்து நிற்கும். இன்னொன்று, வால் பக்கம் ரெசின் கூடினால் மூக்கில் எடை வைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் முன்சக்கரம் தூக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடும். மீன்பிடிக்கும் ஈயக் குண்டு போதும், உடம்பை மூடுவதற்கு முன்பே.

சக்கரங்களுக்கு ரெசின் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். நடுவில் பச்சை, சுற்றிலும் கறுப்பு, அவ்வளவுதான்.

வேண்டாதவை என்று ஒரு பெரிய பட்டியலே போடலாம். உலோக லேண்டிங் கியர்: பெரும்பாலும் கிட்டின் பிளாஸ்டிக் பாகத்தையே நகலெடுத்து மென்மையான உலோகத்தில் வார்த்தது, விவரம் ஒன்றும் கூடாது. கனமான ரெசின் போட்ட பெரிய விமானத்துக்குக் கால் வளையும் என்றால் சரி. இந்தச் சின்ன மிக்-21க்கு எதற்கு? முழு இன்ஜின்: உடம்பை மூடினால் அதை யாரும் பார்க்கப்போவதில்லை, பார்க்க வைக்க விமானத்தை இரண்டாகப் பிரித்து வைக்க வேண்டும். சக்கரக் குழிக்குத் தகடு: குப்புறப் போட்டுப் பார்க்கிறவர் போட்டி நடுவர் ஒருவர்தான்.

மாஸ்க் வாங்கியே தீர வேண்டும். கேனப்பியின் ஒவ்வொரு கண்ணாடிக்கும் அளவெடுத்து வெட்டிய மஞ்சள் ஜப்பானியக் காகித டேப். நாமே டேப் ஒட்டிப் பிளேடால் வெட்டலாம்தான், ஆனால் வளைவில் ஒரு தடவை பிளேடு நழுவினால் கண்ணாடியில் கீறல் நிரந்தரம். கண்ணாடிப் பாகத்தை ஒட்ட ஃபெவிக்விக் பக்கமே போகாதீர்கள், அதன் ஆவி பட்டுக் கண்ணாடி வெள்ளை பூத்துவிடும். சாதாரண ஃபெவிகால் போதும், காய்ந்தால் தெளிவாகிவிடும்.

டீகால் விஷயத்தில் நமக்கு வேறு வழியும் இல்லை. பல பெட்டிகளில் இந்திய அடையாளங்கள் இருக்காது, தனியாகத்தான் வாங்க வேண்டும். நம் விமானப்படை வட்டத்தில் வெளியே காவி, நடுவே வெள்ளை, மையத்தில் பச்சை. காவியை ஆரஞ்சாக அச்சிட்டுத் தருகிறவர்கள் இருக்கிறார்கள், திரையில் தெரியாது, கையில் வந்த பிறகுதான் தெரியும். ஆகவே கட்டி முடித்தவர்களின் புகைப்படத்தை வெயில் வெளிச்சத்தில் எடுத்ததாகப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஆதாரத்துக்கு நிஜ விமானம் பார்க்கப் போகிறவர்கள் டெல்லியில் பாலம் பகுதியில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்துக்குப் போகலாம். ஊர் ஊராக மேடையில் நிற்கும் விமானங்கள் வடிவத்துக்கு நல்லவை, நிறத்துக்கு நம்ப முடியாது. யாரோ ஒருவர் எனாமல் டப்பாவோடு ஏறி அடித்த நிறம் அது.

இவ்வளவும் வடிவம் சரியாக இருக்கிற கிட்டுக்குத்தான். எடுவார்ட் 2014-இல் 1/48 மெஸ்ஸர்ஸ்மிட் 109ஜி-6 கொண்டுவந்தது. நுணுக்கத்தில் குறையில்லை, ஆனால் மொத்த விமானமும் 1/48க்குப் பெரியதாக இருந்தது. கட்டுகிறவர்கள் ஸ்கேலை வைத்து அளந்து காட்டினார்கள். 2016-இல் அவர்களே புது அச்சு போட்டு வெளியிட்டார்கள். பழைய கிட்டுக்கென்று ரெசினும் தகடும் வாங்கிக் குவித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆகவே புதிதாக ஒரு கிட் வந்தால் முதல் சில மாதம் கூடுதல் பாகம் எதுவும் வாங்காமல் இருப்பேன். நாலு பேர் கட்டட்டும்.

இன்னொன்று, வாங்கும் முன் வகையைப் பார்த்து வாங்குங்கள். மிக்-21 செட் என்று பொதுவாகப் போட்டிருப்பதை நம்பி டைப் 77-க்கு, அதாவது எஃப்எல்லுக்கு, கேஎம்-1 இருக்கையை வாங்கினால் அது ஆகாது. அதில் இருந்தது பழைய எஸ்கே இருக்கை. எஃப்எல்லின் கேனப்பி முன்பக்கம் கீல் வைத்து முழுசாகத் தூக்கும், பிஸ்ஸில் முன்கண்ணாடி அப்படியே நிற்க, பின்பகுதி மட்டும் வலப்பக்கம் சாயும். உடம்புக்குள் பீரங்கி இல்லாத எஃப்எல்லுக்கு வயிற்றடியில் ஜிபி-9 துப்பாக்கிப் பெட்டி தொங்கும். அதைக் கட்டப் போகிறவர்கள் முதலில் அந்தப் பெட்டிக்குத்தான் காசு ஒதுக்க வேண்டும், இருக்கை அப்புறம்.